துரையின் ஜீப்பும் என் முதுகும்

லேண்ட் ரோவரும் மலாயாவின் அவசரகாலமும் ஒரே ஆண்டில் பிறந்தவை. 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அந்த வண்டியை முதன்முதலாக உலகுக்குக் காட்டினார்கள். ஜூன் 16ஆம் தேதி எங்கள் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கையோடு அவசரகாலமும் வந்தது. போர் முடிந்த இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் வண்டியின் மேலுடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். இங்கேயோ துரைமார்கள் குண்டுக்குப் பயந்து தங்கள் வண்டிகளுக்கு எஃகுத் தகடு அடித்துக்கொண்டார்கள். துரையின் உயிர் என்றால் எஃகு எங்கிருந்தாவது வந்துவிடும்.

நான் பிறந்து விவரம் தெரிந்தபோது தகடும் இல்லை, குண்டும் இல்லை. சிம்மோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்பா டிரைவர். வண்டி படுத்துவிட்டால் பிட்டரும் அவரே. சம்பளம் மட்டும் டிரைவருக்கு உள்ளது. 1970களின் நடுவில் தோட்டத்துக்குப் புது லேண்ட் ரோவர் ஒன்று வந்தது. சீரிஸ் 3, 88 அங்குலச் சக்கர இடைவெளி, 2,286 சிசி டீசல் எஞ்சின். இந்த விவரமெல்லாம் நான் பிற்பாடு புத்தகம் வாங்கிப் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்கு அது ‘ஜீப்பு’, அவ்வளவுதான்.

அந்த ஜீப்பில் யார் எங்கே உட்காருவது என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. முன்னால் மூன்று பேர் உட்காரலாம். ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் துரை, நடுவில் துரையின் நாய். பெரிய கிராணிக்கும் மண்டோருக்கும் பின்னால் பலகை. சில ஆண்டுகளில் வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறினார். நம் நாட்டுக்காரர் ஒருவர் துரையாக வந்தார். நாய் மாறியது. இருக்கை மாறவில்லை.

எங்களைப் போன்ற லயத்துப் பிள்ளைகளுக்கு ஜீப்பில் இடமே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். எனக்கு இடம் இருந்தது, அடியில். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா சாக்கை விரித்துக் கீழே படுத்திருப்பார், நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். மற்ற பிள்ளைகள் ஜீப்பின் முகத்தைப் பார்த்து வளர்ந்தார்கள். நான் அதன் வயிற்றைப் பார்த்து வளர்ந்தேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்து, தோட்டம் செம்பனைக்கு மாறியது. செம்பனையும் நிலைக்கவில்லை, தாமான் வந்தது. ஆட்குறைப்புப் பணம் கைக்கு வந்த வாரமே, கொட்டகையில் ஓடாமல் கிடந்த ஜீப்பை அப்பா பழைய இரும்பு விலைக்குக் கேட்டு வாங்கிவிட்டார். வீட்டில் பெரிய சண்டை. “அலுமினியத்தை இரும்பு விலைக்கு வாங்கியவன் நான்” என்று சாகும்வரை அவருக்குப் பெருமை. இன்று அது ஜெலாப்பாங்கில் என் வரிசை வீட்டு வாசல் கூரையின் கீழ் நிற்கிறது. ஏழு இருக்கை கொண்ட எங்கள் குடும்பக் கார் வெளியே மழையில் நிற்கிறது. என் மனைவி ஜீப்புக்கு வைத்திருக்கும் பெயர் ‘துரை’. காலையில் பசியாறும்போது, “துரை எந்திரிச்சாரா, இல்ல இன்னைக்கும் லீவா?” என்று விசாரிப்பாள்.

துரை எழுந்திருப்பது எளிதல்ல. பழைய டீசல் எஞ்சினுக்கு முதலில் சூடு காட்ட வேண்டும். நான்கு சிலிண்டருக்கு நான்கு ஹீட்டர் பிளக். சாவியை அந்த நிலையில் சிறிது நேரம் பிடித்திருந்து, பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். தயாரித்தவர்கள் இந்த நான்கையும் ஒரே தொடராக இணைத்திருந்தார்கள். ஒன்று கருகிவிட்டால் நான்குக்கும் மின்சாரம் போகாது. ஒருவர் நிறுத்தினால் எல்லோரும் நிறுத்தும் கட்டுப்பாடான தொழிற்சங்கம் போல. அப்படி ஓர் ஒற்றுமையை எங்கள் லயத்தில்கூட நான் பார்த்ததில்லை.

அப்பாவிடம் இதற்கு இருந்த கருவி ஒரு சின்ன பல்பு, இரண்டு வயர். ஒரு வயரைச் சட்டத்தில் பிடித்துக்கொண்டு, மறு வயரால் பிளக் பிளக்காகத் தொட்டுக்கொண்டே போவார். எந்த இடத்துக்கு அப்பால் பல்பு எரியவில்லையோ, அங்கேதான் குற்றவாளி. பசியாறக் கூப்பிடுவதற்குள் வேலை முடிந்துவிடும். இப்போது என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது. பிளக்குகளையும் 12 வோல்ட்டுக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மின்சாரம் போகும்படி இணைத்தாகிவிட்டது. இதில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் இழுத்துக்கொண்டு போகும். வசதிதான். ஆனால் செத்தது யாருக்கும் தெரிவதில்லை. இரண்டாவதும் போன பிறகு, காலையில் வெள்ளைப் புகை தெருவை மூடும்போதுதான் செய்தி வருகிறது. எதிர்வீட்டுக்காரர் துணி எடுக்க ஓடுவார்.

புகையின் நிறத்தைப் பார்த்து நோய் சொல்வது அப்பா கற்றுக் கொடுத்த வைத்தியம். வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வருகிறது. கறுப்பு என்றால் டீசல் அதிகம், அல்லது காற்று போதவில்லை. நீலம் என்றால் எஞ்சின் தன் எண்ணெயைத் தானே குடிக்கிறது. தோட்டத்தில் கறுப்புப் புகை வந்தால் அவர் கை நேராகக் காற்று வடிகட்டிக்குத்தான் போகும். அது எண்ணெய்க் குளியல் வகை. செம்மண் தூசியெல்லாம் அந்த எண்ணெயில் இறங்கிச் சேறாகிக் கிடக்கும். அதை வழித்துக் கொட்டிப் புது எண்ணெய் ஊற்றினால் துரையின் மூச்சுத் திணறல் நின்றுவிடும். தூசியில் நாளெல்லாம் நடந்த பால்வெட்டுக்காரர்களுக்கு அப்படியொரு வடிகட்டியை யாரும் மாட்டிவிடவில்லை.

ஆனால் புகையே இல்லாமல் வரும் நோய் ஒன்று உண்டு. எஞ்சின் கிளம்பும், நன்றாகச் சிரிக்கும், அரை நிமிடத்தில் அணைந்துவிடும். கீழே ஒரு சொட்டு டீசல் ஒழுகியிருக்காது. காரணம் எளிது. டாங்கிக்கும் டீசல் பம்ப்புக்கும் நடுவில் உள்ள பாதை தள்ளும் பாதை அல்ல, உறிஞ்சும் பாதை. அங்கே மயிரிழை வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். டீசல் பாதைக்குள் காற்று போனால் கதை முடிந்தது. உறிஞ்சும் பாதையில் ஒரு துண்டு கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் குழாயை மாட்டிப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரியும். குற்றவாளிக் குழாயை மாற்றிவிட்டு, பம்ப்பின் கைநெம்பை அடித்து, முதலில் வடிகட்டியின் திருகு, அடுத்து இன்ஜெக்டர் பம்ப்பின் திருகு என்று ஒவ்வொன்றாகத் தளர்த்தி, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும்.

இந்த நோய் அப்பா காலத்தில் அபூர்வம். எனக்கோ வழக்கமாகிவிட்டது. குழாயைக் கழற்றிப் பார்த்தபோது ரப்பர் ஊறி, மெத்தென்றாகி, விரலில் கறுப்பாக ஒட்டியது. அதைப் பார்த்த சிலிபின் பக்கத்துப் பட்டறைத் தவுக்கே சிரித்தார். “பாஸ், இது செம்பனை சாப்பிட்டது” என்றார். அவர் சொன்னது வேடிக்கைக்கு அல்ல. 2019இல் நம் நாட்டில் வண்டிகளுக்கு ஊற்றும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசலை 10 விழுக்காடு கலக்கத் தொடங்கினார்கள். புது வண்டிகளின் குழாய்கள் அதைத் தாங்கும். இயற்கை ரப்பரும் பழைய வகை நைட்ரைல் ரப்பரும் தாங்காது. ஊறிப் பெருத்து, கடைசியில் வெடித்துவிடும். போதாக்குறைக்கு, டாங்கியின் அடியில் பல்லாண்டாகப் படிந்திருந்த கசடைக் கழுவிக் கொண்டுவந்து வடிகட்டியையும் அடைக்கும்.

என் தாத்தாவும் பாட்டியும் பால்வெட்டிய மரங்களைச் செம்பனை தின்றது. அதில் அம்மாவின் வேலை போனது, லயம் போனது. மிச்சமிருந்தது இந்த ஜீப்புக்குள் ஒளிந்திருந்த அரை முழ ரப்பர். அதையும் தேடி வந்து தின்றுவிட்டது. இப்போது போட்டிருக்கும் குழாய் வைட்டான் என்ற செயற்கைச் சரக்கு. அதில் ஒரு சொட்டுப் பால் கிடையாது. விலைதான் பத்து நாள் பால்வெட்டுச் சம்பளம்போல் இருந்தது. அதன் வழியாக ஓடும் டீசலும் 2024 ஜூன் 10ஆம் தேதி ஒரே இரவில் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. துரை அதிகம் வெளியே போவதில்லை என்பதில் என் மனைவிக்கு முதன்முதலாகத் திருப்தி.

அடுத்தது ஸ்பேனர். ஜீப்பின் நட்டு எல்லாம் அங்குல அளவு. கடைகளில் கிடைப்பதெல்லாம் மில்லிமீட்டர். அரை அங்குல நட்டுக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறத்தாழப் பொருந்தும். அந்த ‘ஏறத்தாழ’தான் நட்டின் மூலைகளைத் தேய்த்து உருண்டையாக்கும். அப்பாவின் அங்குல ஸ்பேனர்கள் ஒரு ரொட்டித் தகரத்தில் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தோட்டத்தின் பெயர் பொறித்திருக்கும். தோட்டமே இல்லாததால் திருப்பிக் கேட்க ஆளில்லை.

உதிரிப் பாகம் வேண்டுமென்றால் அப்பா காலத்தில் கிராணி ஒரு தாளில் எழுதுவார், துரை கையெழுத்துப் போடுவார், ஈப்போ பட்டணத்திலிருந்து சாமான் வரும். இப்போது நான் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறுகிறேன். அங்கே இன்னும் பழைய லேண்ட் ரோவர்கள் முட்டைக்கோஸும் தக்காளியும் சுமந்துகொண்டு சேற்றில் திரிகின்றன. கதவில்லாமல், கண்ணாடியில்லாமல், சில முகமே இல்லாமல். அவற்றை ஓட்டும் தோட்டக்காரர்களுக்கு என் ஜீப்பின் பளபளப்பைப் பார்த்தால் சிரிப்பு. மலையில் கிடைக்காததை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். வெள்ளைக்காரனுக்கே பணம் போகிறதே என்று ஒரு காலத்தில் வருத்தம் இருந்தது. 2008இல் ஜாகுவார் லேண்ட் ரோவரை டாட்டா வாங்கிவிட்டது. கப்பலில் கூலியாக ஆள் அனுப்பிய நாடு, துரை ஏறிய வண்டியின் கம்பெனியையே வாங்கிவிட்டது. எங்கள் தாத்தாவுக்கு இதைச் சொல்லியிருந்தால், “அப்ப நாம எதுக்குடா இங்க வந்தோம்?” என்று கேட்டிருப்பார்.

அரசாங்கமும் ஒருமுறை பயமுறுத்திப் பார்த்தது. 2009இல் புதிய வாகனக் கொள்கை அறிவித்தபோது, 15 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்குச் சாலை வரி புதுப்பிக்கப் பரிசோதனை கட்டாயம் என்றார்கள். நாடு முழுக்கக் கூச்சல் எழ, சில நாளிலேயே கைவிட்டார்கள். உண்மையான பரிசோதனை எங்கள் வாசலிலேயே இருக்கிறது: கோல கங்சார் பக்கமிருந்து வரும்போது, மெனோரா சுரங்கத்தைத் தாண்டி ஜெலாப்பாங்குக்கு இறங்கும் நெடுஞ்சாலைச் சரிவு. பிரேக் போன லாரிகளுக்குப் பெயர் போன இடம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் வைத்திருக்கும் கிழவனை அங்கே குறைந்த கியரில், எஞ்சின் பிடித்து இழுக்க, இடப்புறத் தடத்தில் இறக்கிக் கொண்டுவருவேன். பின்னால் வரும் லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். அவர்களும் ஒருநாள் கற்றுக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு விளங்காதது சேறு. தோட்டத்தில் சேறு எங்கள் எதிரி. மழை நாளில் ஜீப் சிக்கினால் பெரட்டில் நின்ற ஆட்களைக் கூப்பிடுவார்கள். அவர்கள் முழங்கால் சேற்றில் இறங்கித் தள்ளுவார்கள். துரை உள்ளே நாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தள்ளியவர்களுக்குத் தனிச் சம்பளம் கிடையாது. 1997 முதல் நம் நாட்டில் மழைக்காடு சவால் என்றே ஒரு போட்டி நடக்கிறது. மழை கொட்டும் காலமாகப் பார்த்து வைக்கிறார்கள். உலகின் பல மூலைகளிலிருந்தும் பணம் கட்டி வந்து, காட்டுக்குள் சேற்றில் சிக்கி, வின்ச் போட்டு இழுத்து, மறுநாள் மீண்டும் சிக்குகிறார்கள். என் பக்கத்துப் பையன்கூட வாரக்கடைசியில் சேறு பூசிக்கொண்டு வருகிறான். இரண்டு நாள் கழுவாமல் தெருவில் நிறுத்தி வைக்கிறான். அம்மா இருந்திருந்தால் ஒரு வாளித் தண்ணீரை அவன் தலையிலேயே ஊற்றியிருப்பார்.

போன மாதம் கோலாலம்பூரிலிருந்து இளைஞர் ஒருவர் ஜீப்பை விலைக்குக் கேட்டு வந்தார். நம்மவர்தான். பாட்டி பால்வெட்டியவராம், அவர் மட்டும் தோட்டத்தைப் பார்த்ததில்லை. 2016 ஜனவரியில் பழைய வகை டிபெண்டரின் உற்பத்தியே இங்கிலாந்தில் நின்றுபோனதிலிருந்து இந்த மாதிரி வண்டிகளுக்குத் தனி மவுசு என்று சொன்னார். கீழே குனிந்து பார்த்தார். பின்பக்கச் சட்டத்துத் துருவைத் தட்டிப் பார்த்தார். நான் பெயிண்ட் அடித்துத் தரவா என்றேன். பதறிவிட்டார்.

“ஐயோ, வேணாம் அங்கிள்! அந்தச் சொட்டை, அந்தக் கீறல், எல்லாம் அப்படியே இருக்கணும். அதுலதான் கதை இருக்கு.”

அந்தச் சொட்டைக்காக அப்பாவுக்கு ஒருநாள் சம்பளம் பிடித்தார்கள் என்ற கதையை நான் சொல்லவில்லை. விலை கூடிவிடுமோ என்ற நல்லெண்ணம்தான்.

அவர் துரையின் இருக்கையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு தொகை சொன்னார். அப்பா வாழ்நாள் முழுக்க ஓட்டிச் சம்பாதித்ததைவிட அதிகம். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தயங்கித் தயங்கித் தொடர்ந்தார்.

“ஒரே ஒரு பிரச்சனை அங்கிள். எனக்கு இதை ஓட்டத்தான் தெரியும், ரிப்பேர் பண்ணத் தெரியாது. நீங்க மாசம் ஒருதரம் கே.எல். வந்து பார்த்துக்குவீங்களா? சம்பளம் கொடுத்துடுறேன்.”

தே தண்ணியோடு வந்து நின்ற என் மனைவி தட்டை மேசையில் வைத்தாள்.

“சேமநிதி பிடிப்பீங்களா தம்பி?” என்று கேட்டாள்.