டீ வடிகட்டியில் நெல் விதைத்தவன்

திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் லேப் டிப் (சாய மாதிரி) போடுகிற ஆளுக்கும் நெல்லின் வேருக்கும் என்ன சம்பந்தம் என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். மாமனாருக்குக் குமரலிங்கத்தில், அமராவதி பழைய ஆயக்கட்டில் கொஞ்சம் வயல் உண்டு. அறுவடை முடிந்தால் அங்கிருந்து எங்களுக்கு அரிசி வரும். என் விவசாயத் தகுதி அதோடு முடிந்தது. அது போதும் என்று நான் நினைத்துக்கொண்டதில்தான் எல்லாம் தொடங்கியது.

என்னைக் கெடுத்தது ஒரு மரபணு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1985இல் வெளியிட்ட ஐ.ஆர்.64 நெல்லுக்கு வேர் ஆழம் போகாது, பக்கவாட்டில் படரும். அதே நாட்டு மேட்டு நிலத்து நெல்லான கினாண்டாங் படோங்கின் வேரோ நேராகக் கீழே இறங்கும். இந்த வித்தியாசத்துக்குக் காரணமான டி.ஆர்.ஓ.1 என்ற மரபணுவை ஒன்பதாவது குரோமோசோமில் கண்டுபிடித்து 2013இல் வெளியிட்டது ஜப்பானின் யுசாகு உகா குழு. வேர்நுனியின் அடிப்பக்கச் செல்களைவிட மேல்பக்கச் செல்கள் அதிகம் நீண்டால்தான் வேர் கீழ்நோக்கி வளையும். ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் நடத்தும் அந்த வேலையில் டி.ஆர்.ஓ.1க்கும் பங்கு உண்டு. ஐ.ஆர்.64இல் அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டுப்போனதால் புரதம் முழுதாக உருவாவதில்லை. சாய ரெசிப்பியில் ஒரு புள்ளி இடம் மாறி ஒரு பேட்ச் துணியே நாசமாவதைப் பார்த்தவனுக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது. பழுதில்லாத மரபணுவை ஐ.ஆர்.64க்குள் கொண்டுவந்ததும், வறட்சியிலும் அது நல்ல விளைச்சல் கொடுத்தது.

விளங்கியதை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மாமனாரிடம் போய், "உங்க நெல்லுக்கு வேர் பத்தாதுங்க மாமா" என்றேன்.

அவர் வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏனுங் மாப்ள, தண்ணி காலடியிலயே நிக்குது. அது எதுக்குங் அடியில போயித் தேடோணும்?"

பதில் தெரியாதபோது ஆராய்ச்சியில் இறங்குவதுதான் மரியாதை. வயலில் இறங்கி ஒரு பயிரைப் பிடுங்கினேன். பாதி வேர் சேற்றிலேயே அறுந்து நின்றது. கையில் வந்த மிச்சம் செம்பழுப்பாக இருந்தது. "வேர் அழுகல்" என்று தீர்ப்பளித்து மருந்துக்கடைக்குக் கிளம்பியும் விட்டேன். "அது அப்படித்தானுங் இருக்கும்" என்று அவர் தடுத்தார்.

அவர் சொன்னதுதான் சரி. தண்ணீர் தேங்கிய சேற்றில் ஆக்சிஜன் இருக்காது. நெல் தன் இலை, தண்டு வழியாகக் காற்றை உள்ளிழுத்து, வேருக்குள் இருக்கும் காற்றறைகள் வழியே நுனிவரை அனுப்புகிறது. அதில் கசியும் ஆக்சிஜன் பட்டு, சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு துருவாகி வேரின்மேல் படிகிறது. நல்ல மூச்சு விடுகிற வேருக்குத்தான் நான் மருந்து வாங்கப் போனேன்.

அடுத்து, உகா குழு வேர் இறங்கும் கோணத்தை அளந்த முறையை வீட்டிலேயே செய்து பார்க்க முடிவு செய்தேன். கம்பி வலைக் கிண்ணத்தை மண்ணில் புதைத்து நடுவில் விதைப்பார்கள்; எத்தனை வேர் அடிப்பக்கமாக வெளியே வருகிறது, எத்தனை பக்கவாட்டில் வருகிறது என்று எண்ணுவார்கள். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இருந்த வலைக் கிண்ணம் டீ வடிகட்டி. மனைவி ஊருக்குப் போன நேரத்தில் அதைத் தொட்டியில் புதைத்து ஐ.ஆர்.64 விதைத்தேன். பிறகு தோண்டிப் பார்த்தால் ஒரு வேர்கூட வெளியே வரவில்லை. எல்லாம் உள்ளுக்குள்ளேயே வட்டமாகச் சுற்றியிருந்தன. ஐ.ஆர்.64இன் வேர் வட்டமாக வளரும் என்று நோட்டில் எழுதியும் வைத்தேன். தேயிலைத் தூளையே விடாத கண்ணியில் நெல்வேர் எப்படி நுழையும் என்பது, டீ குடிக்க வடிகட்டி இல்லாதபோதுதான் உறைத்தது.

உப்பு விஷயத்திலாவது நான் விவரமானவன் என்று இருந்தேன். பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போடுவோம். அந்த உப்பு நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் ஊரே அறிந்தது. இன்று ஆர்.ஓ., எவாப்பரேட்டர் வைத்து உப்பை மீட்டு மறுபடி பயன்படுத்துகிறோம். இப்படிப்பட்ட ஊர்க்காரன் உப்பைத் தாங்கும் கேரளத்துப் பொக்காளி நெல்லை வளர்த்துப் பார்க்க வேண்டாமா? உப்பைத் தாங்கும் இன்னொரு நெல்லான வங்காளத்து நோனா பொக்ராவில், வேரிலிருந்து மேலே ஏறும் சாற்றிலிருந்து சோடியத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் மரபணுவை 2005இலேயே கண்டுபிடித்திருந்தார்கள்.

லேபில் மில்லிகிராம் வரை எடை போடுகிற நான், வீட்டில் பொக்காளித் தொட்டியில் உப்பைக் கையால் அள்ளிப் போட்டேன். எல்லாம் கருகிய பிறகுதான் கணக்குப் போட்டேன். கடலிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான் உப்பு. நான் ஊற்றியது சாயத்தொட்டிக் கணக்கு. சாதாரண நெல்லுக்கு மண்ணின் உப்புத்தன்மை மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் சரியத் தொடங்கும்.

இதற்கிடையில் உகா குழுவே என் காலை வாரியது. இந்தோனேசியாவின் கெம்ஜா பெட்டோன் என்ற நெல்லில், வேரை மண்ணின் மேற்பரப்பிலேயே படரவிடும் மரபணு வகையைப் பற்றி 2020இல் எழுதினார்கள். உப்பேறிய, காற்றில்லாத வயலில் அந்த மேலோட்டமான வேர்தான் விளைச்சலைக் காப்பாற்றியதாம். அப்படியானால் நல்ல வேர், கெட்ட வேர் என்று தனியாக எதுவும் இல்லை. மண்ணும் தண்ணீரும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. மாமனார் வரப்பில் நின்று ஒரே வரியில் சொன்னதும் இதைத்தான்.

தோல்வியை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், வாய்க்கால் எட்டாத அவருடைய மேட்டுக் காட்டைப் பிடித்துக்கொண்டேன். மானாவாரிக்கென்று பரமக்குடியிலிருந்து 2009இல் வந்த அண்ணா 4 நெல்லைப் போடலாம், வேர் கீழே போய் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றேன். அவர் மறுக்கவில்லை. "கீழ என்ன இருக்குதுன்னு பாத்துருங் மாப்ள" என்று மண்வெட்டியைக் கையில் கொடுத்தார். முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை, மண்வெட்டி சுண்ணாம்புக் கல்லில் மோதி, அதிர்வு தோள்வரை ஏறியது.

"இந்த மண்ணுக்கு எந்த ஜீனுங் மாப்ள?"

"சோளம் போடுங்க மாமா."

"அதத்தானுங் எங்கப்பாரும் சொன்னாரு."