மெனு வைத்தியர்

மீஞ்சூரில் ரயிலை விட்டிறங்கி, கன்டெய்னர் லாரிகளின் பின்னாலேயே ஊர்ந்து காட்டுப்பள்ளிக்குப் போகிற வழியில், கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் எதற்குள்ளேனும் நீங்கள் நுழைய நேர்ந்து, அங்கே ஒரு கம்ப்யூட்டரைச் சூழ்ந்து நான்கு பேர் கவலையோடு நிற்பதையும், அவர்கள் விலகி வழிவிட, ஐந்தாவதாக ஒருவர் டீ கிளாஸும் கையுமாகச் சாவதானமாக வந்து அமர்வதையும் காண்பீர்களாயின், அந்த ஐந்தாமவர்தாம் நான் சொல்லவந்த மெனு வைத்தியர். உத்தியோகம் என்னவோ ஷிப்பிங் பில் தயாரிப்பதுதான், சம்பளமும் அதற்குத்தான். ஆயினும், மவுஸை வைத்ததும் விரிய வேண்டிய பட்டியல் விரியாமல் அடம்பிடிப்பதும், விரிந்த பட்டியல் பக்கத்திலுள்ள படத்துக்குப் பின்னே போய் ஒளிந்து கொள்வதும், கிளிக் செய்யப் போகிற தருணத்தில் மாயமாய் மறைவதுமான சகல வியாதிகளுக்கும் அந்தப் பிராந்தியத்தில் அவரே தன்வந்திரி.

அவருடைய சிகிச்சை முறையில் ஒரு கிரமம் உண்டு. முதலில் கன்ட்ரோல் எஃப்5. இது வெந்நீர் கொடுப்பது போல, யாருக்கும் கெடுதல் செய்யாது. அடுத்தது பிரௌசரின் வயிற்றில் தங்கிய பழைய கேஷ் முழுவதையும் வெளியேற்றுவது, இது விளக்கெண்ணெய். அதற்கும் மசியாத நோயாளியைக் குரோமிலிருந்து ஃபயர்ஃபாக்ஸுக்கு இடம் மாற்றுவார். சீதோஷ்ணம் மாறினால் பாதி வியாதி தானே தீரும் என்பது அவர் சித்தாந்தம்.

பொழுது சற்றே கிடைத்துவிட்டால் பூர்வ கதையைத் தொடங்கிவிடுவார். 2001-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-ஐப் பற்றிப் பேசும்போது, வெள்ளைக்காரன் காலத்துச் சிறைவாசத்தைச் சொல்லும் தியாகியின் கம்பீரம் அவர் முகத்தில் குடிகொள்ளும். அக்காலத்தில், படிவங்களில் வரும் தேர்வுப் பெட்டியை விண்டோஸே தனிச் சாளரமாக வரைந்து வைத்ததால், மேலிருந்து இறங்கும் மெனு எவ்வளவு பெரிய மெனுவானாலும் அந்தப் பெட்டிக்குக் கீழேதான் கிடக்க வேண்டும். அந்த அவமானத்தை நீக்குவதற்காக ஒரு வெற்று ஐஃப்ரேமை மெனுவின் முதுகுக்குப் பின்னே ஒளித்து வைத்தார்களாம். மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-இல் எக்ஸ்புளோரரைக் கைவிட்ட அன்று, ஜன்ம சத்துரு மாண்டு போனானே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இசட்-இண்டெக்ஸ் என்ற சொல்லை மட்டும் அவரிடம் வாய் தவறியும் சொல்லக் கூடாது. யார் யாருக்கு மேல் என்பதை நிர்ணயிக்கும் எண் அது. ஒருவர் 10 என்று எழுத, மற்றவர் 100 என்று எழுத, மூன்றாமவர் 9999 என்று எழுத, கடைசியில் 2147483647 என்ற உச்சவரம்பில் வந்து நிற்கும் அந்தஸ்துப் போட்டியை அவர் கல்யாண வீட்டுச் சம்பந்திகளின் கதையைப் போல வர்ணிப்பார். அத்தனை பெரிய எண்ணாலும் பிரயோஜனம் இல்லாமல் போவதுண்டு. கீழ்வீட்டில் குடியிருப்பவன் எத்தனை முக்காலிகளை அடுக்கி ஏறினாலும், மேல்வீட்டுத் தளம் தலையில் இடிக்கத்தானே செய்யும்?

நான் கண்ணால் கண்ட சிகிச்சை ஒன்று. துறைமுகத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல். எந்தத் தளம் என்பது இங்கே வேண்டாம். ஆங்கில அகரவரிசையில் காக்கிநாடா, காண்ட்லா, காரைக்கால் வரைக்கும் தரிசனம் தந்த பட்டியல், காட்டுப்பள்ளி வரவேண்டிய இடத்தில் திரையின் விளிம்போடு முடிந்துவிட்டது. மவுஸின் சக்கரத்தைச் சுழற்றினால் பின்னாலிருக்கும் பக்கம் நகர்ந்ததே தவிர, பட்டியல் அசைந்து கொடுக்கவில்லை. கடல் நீரை நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீராக்கவல்ல ஆலை 2010-இலேயே வந்துவிட்ட ஊர், ஒரு பட்டியலில் இரண்டங்குலம் கீழே இறங்கி வர முடியாமல் தவித்தது.

"தம்பி, நம்ம ஊரே காணோமேப்பா! கட்-ஆஃப் மூணு மணிக்கு!" என்றார் பெரிய கிளார்க்.

"எங்க போயிடும் அண்ணே? இருக்கும்" என்று வைத்தியர் எஃப்12-ஐத் தட்டினார். திரையின் பாதியை மறைத்துக்கொண்டு எழுந்த மந்திர எழுத்துகளுக்கு நடுவே, பட்டியலின் உயரத்துக்கு ஒரு வரம்பும், அதற்குள்ளேயே உருள ஓர் அனுமதியுமாக இரண்டே வரி எழுதினார். பட்டியல் உருண்டது, காட்டுப்பள்ளி பிரத்தியட்சமாயிற்று. நால்வரும் கைதட்டினார்கள். அந்த உற்சாகத்தில் யாரோ எஃப்5-ஐத் தட்டிவிட, எழுதிய வரி இரண்டும் போன இடம் தெரியவில்லை. தளத்தை ஆள்பவர்கள் தங்கள் நடைத்தாளில் எழுதவேண்டிய வரிகள் அவை. இங்கிருந்து எழுதுவது நீர்மேல் எழுத்துத்தான். எழுதச் சொல்லி மூன்று கடிதங்கள் போட்டிருக்கிறாராம். பதில், அங்கே சரியாகத்தான் தெரிகிறது என்பது.

வைத்தியர் டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மைனஸை மூன்று தட்டுத் தட்டினார். எழுத்தெல்லாம் எறும்பாய்ச் சுருங்கியது. மிச்சப்பட்ட இடத்தில் காட்டுப்பள்ளி வந்து உட்கார்ந்தது.

அந்த மேஜையில் பிரௌசர் இன்னும் எழுபத்தைந்து சதவீதத்தில்தான் இருக்கிறது. பெரிய கிளார்க், சென்ற மாதம் பொன்னேரிக்குப் போய்க் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்தார்.