நகராட்சியின் குப்பை யார் பொறுப்பு?

கேள்வி: குப்பையைப் பிரித்துக் கொடு என்று வீடு வீடாக வந்து சொல்கிறார்கள். நகராட்சி அலுவலகக் குப்பையை யார் பிரிப்பது?

பதில்: சட்டமும் உங்கள் பக்கம்தான். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் கட்டடங்களுக்குத் தனிப் பொறுப்பு வைத்த 2016 திடக்கழிவு விதிகள், அந்தப் பட்டியலில் உள்ளாட்சிக் கட்டடங்களையும் சேர்த்தே எழுதின. மன்றக் கூட்டம் முடிந்ததும் மேஜையைப் பாருங்கள்: இரண்டு மடக்கு குடித்த தண்ணீர் பாட்டில், பாதி கடித்த வடை, ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தீர்மான நகல் கட்டு, பொன்னாடை வந்த பிளாஸ்டிக் உறை. வெயிலில் தெருத்தெருவாக அலைந்த தூய்மைப் பணியாளர்தான் அதையும் அள்ள வேண்டும். அது அநியாயம்.

பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. எவர்சில்வர் டம்ளருக்கு எந்தத் தடையும் இல்லை! தீர்மான நகலை இரு பக்கமும் அச்சிடலாம், செல்போனிலேயே அனுப்பலாம். பெரிய மிச்சம் கொள்முதலில் இருக்கிறது. பூங்காவுக்கான உரத்தை வெளியே வாங்குவானேன்? நம் வீட்டு மக்கும் குப்பையில் நகராட்சியே தயாரிக்கும் உரம் போதும்.

உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இதை மனுவாகவே கொடுங்கள், ஒரே தாளில், இரு பக்கமும் எழுதி.