ஒரே ஆறு, ஆறு தடவை

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். இடது முழங்கால், வலது குதிகால், இரண்டு அட்டைக்கடி நீங்கலாக.

பங்குனி உத்திரத்துக்கு அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போகும்போது என்னைக் குதிரைமொழித் தேரியில் நடக்க வைப்பீர்களே, ஞாபகம் இருக்கிறதா? செம்மணல் கணுக்காலை விழுங்கும். முந்திரி நிழலிலிருந்து முந்திரி நிழலுக்கு ஓடுவேன். கடைசியில் சுனையைக் காட்டி, "இந்த மணலுக்குள்ள தண்ணி எப்படில வந்துச்சு?" என்று கேட்பீர்கள். நான் வாயைத் திறக்குமுன் நீங்களே கதையை ஆரம்பித்துவிடுவீர்கள். அப்படி வளர்ந்தவனை இன்று ஒருவர் தண்ணீருக்குள்ளேயே நடக்கக் கூட்டிப்போனார்.

ஆபீஸில் கிள்ளான்காரர் ஒருவர், எனக்கு அண்ணன் முறை. "சும்மா ரெண்டு மணி நேர நடைதான்லா" என்றார். இந்த ஊரில் ஒரு 'லா' போட்டால் எந்தப் பொய்யும் பாதியாகிவிடும். விடியுமுன் அவர் காடியில் கிளம்பினோம். காடி என்றால் கார். சாலை சடக்கு, ரிங்கிட் வெள்ளி. வந்து ஆறு மாதமாகிறது, இன்னும் தமிழ்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

வடக்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல் போனால் கோல குபு பாரு. மலாயில் 'பாரு' என்றால் புதிய. பழைய ஊர் என்ன ஆனது என்று கேட்டது என் தப்பு. 1883-இல் மேலே இருந்த அணை உடைந்து ஊருக்குள் பாய்ந்த வெள்ளம் வீடுகளை அடித்துக்கொண்டு போனதாம். அங்கிருந்த ரேங்கிங் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் போய்விட்டார். ஆற்றைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால் வந்த வினை என்று இன்றும் சொல்கிறார்கள். இதை அண்ணன் விவரித்து முடித்த இடம், இப்போதைய சிலாங்கூர் அணைக்குப் பக்கத்தில். "நம்ம வீட்டுக் குழாய்க்கு இந்தத் தண்ணிதான்" என்று பெருமையாகக் காட்டினார். நான் முதலை தெரிகிறதா என்று பார்த்தேன்.

ஃபிரேசர் மலைக்கு ஏறும் அதே சடக்கில் கொஞ்ச தூரம் போனால் சிலிங் ஆறு. அருவியைப் பார்க்க ஒரே ஆற்றை ஆறு தடவை கடக்க வேண்டும். பாலம் கிடையாது, கயிறு உண்டு. 'கெபாலா ஆயர்' வரும், ஜாக்கிரதை என்றார் அண்ணன். மலாயில் அதற்குத் தண்ணீரின் தலை என்று அர்த்தம். மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் பாய்ந்துவிடும். நம் ஊரில் தண்ணீரின் வாலைக்கூட நான் கண்டதில்லை சித்தப்பா.

என் காலில் 280 வெள்ளி ஷூ. அண்ணன் காலில் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடியில் முள் முள்ளாக இருந்தது. அதற்கு இங்கே பட்டப்பெயர் 'அடிடாஸ் கம்போங்', கிராமத்து அடிடாஸ். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் போடுவது. "எங்கம்மா இதப் போட்டுக்கிட்டு இருட்டுல மரம் வெட்டி என்னைப் படிக்க வெச்சாங்க. நான் படிச்சு, வேலைக்குப் போயி, லீவு நாள்ல அதையே மாட்டிக்கிட்டுக் காட்டுக்கு வர்றேன்" என்று சிரித்தார். மூன்றாம் தடவை கடக்கும்போது என் ஷூவின் அடிப்பாகம் தனியே கழன்று கோலாலம்பூர் நோக்கிப் புறப்பட்டது. அண்ணன் பையிலிருந்து இன்னொரு ஜோடி கிராமத்து அடிடாஸை எடுத்தார். எனக்காகவே கொண்டுவந்திருக்கிறார், சொல்லவில்லை. பாறையில் அது பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது.

ஆற்றில் கெலா என்ற மீன் காலைச் சுற்றி நீந்துகிறது. நம் கெண்டைக்குப் பெரியப்பா மாதிரி. பிடிக்கக் கூடாது, சரணாலயம். எத்தனை பேருக்குக் குழம்பு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றதில் ஒரு அட்டை என்னைத் தன் குழம்புக்கு எடுத்துக்கொண்டது. நான் போட்ட கூச்சலைக் கேட்ட அண்ணன், "இதுக்கே இப்படின்னா நீங்க எங்க தம்பி பால் வெட்டப்போறீங்க?" என்றார்.

அருவியைப் பற்றி எழுத வரவில்லை. பாறையில் உட்கார்ந்து வாழையிலையில் மடித்த நாசி லெமாக் தின்றோம். தேங்காய்ப்பால் சோறு, சம்பல், பொரித்த நெத்திலி. சாரல் சோற்றில் விழுந்தது. இத்தனை தண்ணீர் யாருக்கும் வேண்டாமல் விழுந்துகொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு ஏனோ கோபமாக வந்தது. நம் ஊர்க் குணம்.

சாயங்காலம் சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தால் வெறும் காற்று. லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ்: குழாய் பழுது, தண்ணீர் தடை. ராத்திரி லாரி வந்தது. அடுக்குமாடி ஜனம் முழுக்க வாளியோடு கீழே இறங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தது. அங்கேதான் சித்தப்பா உங்கள் மகன் தலைநிமிர்ந்தான். ஆள் நிற்க வேண்டாம், வாளியை வரிசையில் வைத்தால் போதும் என்று 14-வது மாடிச் சீனப் பாட்டிக்குச் சைகையிலேயே சொல்லிக் கொடுத்தேன். அரை மணியில் எல்லாருக்கும் தண்ணீர். இப்போது லிஃப்டில் எனக்கு வணக்கம் வைக்கிறார்கள்.

அம்மா கேட்டால் ஆற்றில் குளித்தான் என்று மட்டும் சொல்லுங்கள். அட்டை வேண்டாம், முதலை வேண்டவே வேண்டாம்.

உங்கள் அன்பு மகன்