வரைந்ததைக் காட்டுதல்: ஓர் ஆய்வு

பொழுதுபோக்காகப் படம் வரைபவரின் உழைப்பில் வரைவது சிறு பகுதிதான். பெரும்பகுதி வரைந்ததைக் காட்டுவதில் செலவாகிறது. ஒரு பிள்ளையாரை வரைந்து முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். அந்தப் பிள்ளையார் வீட்டுக்கு வந்தவர் கண்ணில் தற்செயலாகப் பட்டதுபோல் அமைய, வாரக்கணக்கில் ஏற்பாடு வேண்டும். கலை நூல்கள் முதல் வேலையைப் பற்றி மலையளவு எழுதியிருக்கின்றன. இரண்டாவதற்கு ஒரு தனி அத்தியாயம்கூட ஒதுக்காதது கல்வித்துறையின் பாராமுகம் என்றே கொள்ள வேண்டும்.

இங்கே ஆய்வுக்கு உட்படுபவர் முறையாக ஓவியம் பயின்றவர் அல்லர். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளி, இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக நிற்கிறது. அதன் வாசலை அவர் பஸ்ஸில் கடந்திருக்கிறார், அவ்வளவே. அவர் வங்கியில் காசாளராகவோ, மின்வாரியத்தில் எழுத்தராகவோ, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அடுப்படியை ஒதுக்கிய பின் நோட்டைத் திறக்கும் இல்லத்தரசியாகவோ இருக்கலாம். சிலர் இளவயதில் லோயர், ஹையர் என்று வழங்கும் அரசு ஓவியத் தேர்வுகளை எழுதியிருப்பர். அவர்கள் அதை மறப்பதில்லை. பிறரை மறக்க விடுவதும் இல்லை.

கருவிகள் எளியவை. பென்சிலின் உள்ளிருப்பது ஈயம் அன்று. கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்த கலவை. 1795இல் பிரான்சில் நிக்கோலா ழாக் கோன்தே இந்தக் கலவைக்குக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கோடு மெலிந்து வெளுக்கும், கிராஃபைட் கூடினால் கறுத்துக் குழையும். எச்.பி. நடுவில் நிற்பது, பி எழுத்துக்கு முன்னுள்ள எண் ஏற ஏறக் கருமையும் ஏறும். இந்த அறிவு கிட்டிய அன்றே 6பி பென்சில் ஒன்று வாங்கப்படும். அடுத்த சில மாதங்களுக்கு அந்த வீட்டில் வரையப்படும் எல்லோருடைய தலைமுடியும் அமாவாசை இரவாக இருக்கும். வலது கை சுண்டுவிரலின் ஓரம் எந்நேரமும் வெள்ளிபோல் மினுங்கும். அதுவே தாளின் மேல் உரசி, கன்னத்தில் இல்லாத மச்சங்களை உண்டாக்கும்.

பென்சில் கோட்டை ரப்பர் அழிக்கும் என்பதை 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி பதிவு செய்தார். அதற்கு முன் ஐரோப்பாவில் ரொட்டித் துண்டால் அழித்தார்கள். பொழுதுபோக்கு ஓவியர் மிகுதியாகச் செலவிடும் பொருள் ரப்பர்தான், பென்சில் அன்று. இடது கண் முதல் முயற்சியிலேயே அழகாக வந்துவிடும். வலது கண் அதற்கு ஈடாக வர மறுக்கும். அழித்து அழித்துத் தாளே பஞ்சாகும். ஆகவேதான் இவர்களுடைய நோட்டுகளில் பக்கவாட்டு முகங்கள் இத்தனை. ஒரு கண்ணைக் கூந்தல் மறைத்த பெண்கள், மூங்கில் மறைவில் நிற்கும் கண்ணன், குதிரையின் தலை குறுக்கிட்ட வீரன் ஆகிய பொருள்களும் இந்த இடர்ப்பாட்டிலிருந்தே பிறந்தவை. கைகளின் கதையும் இதுவே. விரல்களை வரைய வராதவர் எல்லோரையும் கைகட்டி நிற்க வைப்பார். பாதம் வராதவர் புல் வளர்ப்பார்.

வரையப்படும் பொருள்களில் முதலிடம் இயற்கைக் காட்சிக்கு. இரண்டு முக்கோண மலைகள், நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, குடிசையை விட உயரமான தென்னை, மேலே பல்லைக் காட்டாத சிரிப்புகளைக் கவிழ்த்துப் போட்டதுபோல் நாலைந்து பறவைகள். மலையே கண்ணில் படாத தஞ்சைச் சமவெளியில் வளர்ந்தவரும், மாடிக் குடியிருப்பின் நான்காம் தளத்தில் பிறந்த பிள்ளையும் இதையேதான் வரைகிறார்கள். ஆறு எப்போதும் சூரியனிலிருந்தே புறப்படுகிறது. அது மலை மேல் ஏறி எப்படி வந்தது என்று புவியியல் ஆசிரியர்கள்கூடக் கேட்பதில்லை; அவர்களும் சிறுவயதில் அதையே வரைந்தவர்கள்.

அடுத்து வருவன உருவப்படங்கள். இவற்றில் பாரதியாரின் செல்வாக்குக்குக் காரணம் கவிதை மட்டும் அன்று. தலைப்பாகை, முறுக்கு மீசை, நெற்றிப் பொட்டு, உருட்டிப் பார்க்கும் கண்கள் ஆகியவை அமைந்துவிட்டால், மூக்கு எப்படி இருந்தாலும் பார்ப்பவர் பாரதி என்றே சொல்வார். பிள்ளையாருக்கோ மூக்குச் சிக்கலே எழாது. அங்கே யானைக் காதும் தும்பிக்கையும் அடையாளத்தை ஏற்றுக்கொள்கின்றன. நடிகர்களை வரைவது அபாயகரமானது, ரஜினியை வரைந்து, பார்த்தவர் “உங்க தம்பியா?” என்று கேட்டபின் ஓவியத்தையே கைவிட்டவர்கள் உண்டு. வீட்டாரை வரைவது அதனினும் அபாயம். அம்மாவின் படத்தில் ஒரு சுருக்கம் கூடினாலும் அன்றைய காப்பியில் சர்க்கரை குறையும்.

இவர்களுக்கு ஆசிரியர்கள் வாரப் பத்திரிகைகளில் கிடைத்தார்கள். 1950இல் கல்கி இதழில் தொடங்கிய பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த வந்தியத்தேவனும் நந்தினியும், விகடனில் தில்லானா மோகனாம்பாளுக்குக் கோபுலு வரைந்த படங்களும், தென்னாட்டுச் செல்வங்கள் வரிசைக்காகச் சில்பி கோயில் கோயிலாகச் சென்று வரைந்த சிற்பங்களும், சுஜாதாவின் கணேஷுக்கும் வசந்துக்கும் ஜெயராஜ் தந்த உருவமும், மாருதியின் அகன்ற விழிப் பெண்களும் எண்ணற்ற நோட்டுகளில் மறுபிறவி எடுத்தன. கோவில்பட்டி கொண்டையராஜுவின் வழிவந்த சாமி படங்கள் சிவகாசிக் காலண்டர்களாக வீடுதோறும் தொங்கி, சம்பளம் வாங்காத வாத்தியார்களாகப் பணிபுரிந்தன. கற்பித்த முறை ஒன்றே: மூலப்படத்தின் மேல் அளவாகக் கட்டம் போடு, தாளிலும் கட்டம் போடு, கட்டம் கட்டமாகப் பார்த்து வரை. தொடர்கதையை அடுத்த வாரம் படிக்க வைத்திருந்த பாட்டிக்கு நந்தினியின் முகத்தில் சதுரங்கப் பலகை தெரிந்ததும் வீட்டில் எழுந்த பூசல்கள் தனி ஆய்வுக்கு உரியவை.

இனி ஆய்வின் மையப் பொருளான காட்டுதலுக்கு வரலாம். இங்கே நன்னூல் பெரிதும் துணை நிற்கிறது. எத்துணைப் புதுமையான நூலைச் செய்தாலும் ஆசிரியன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளுதல் தகாது என்று பவணந்தி முனிவர் விதிக்கிறார். ஆகவே சிறப்புப் பாயிரத்தைப் பிறர் செய்ய வேண்டும். ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர், தகுந்த உரைகாரர் என நால்வரை இதற்கு உரியவராக அவர் குறிக்கிறார். பொழுதுபோக்கு ஓவியருக்கு இந்த நால்வரும் இல்லை. அந்த இடத்தை அத்தை நிரப்புகிறார். விருந்தாளிக்குக் காப்பி வந்து, ஊர் நலம் விசாரித்து முடிந்து, பேச்சு ஓய்ந்த கணத்தில், “இவன் நல்லா வரைவான் தெரியுமா? டேய், அந்த நோட்டை எடுத்துட்டு வாடா” என்று அத்தை தொடங்குவதே பாயிரம். “அய்யோ, வேணாம் அத்தை, சும்மா கிறுக்கினது” என்பது அவையடக்கம். அதைச் சொல்லி முடிக்கும் முன்பே நோட்டு கைக்கு வந்திருக்கும். சோபாவுக்கு அடியில் தயாராக இருந்ததை யாரும் கவனிக்கலாகாது.

அத்தை ஊரில் இல்லாதபோது என் செய்வது? அதற்கும் நன்னூலில் வழி உண்டு. அரசவைக்கு ஓலை அனுப்பும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், பேரவையில் வாதிட்டு வெல்லும் பொழுதும், எதிரி பழித்துரைத்தபோதும் தன்னைப் புகழலாம் என நான்கு விலக்குகள் தரப்படுகின்றன. பொழுதுபோக்கு ஓவியர் நாள்தோறும் இரண்டாவதிலேயே வாழ்கிறார். இருந்தும் வாய்விட்டுச் சொல்ல நாணி, சுற்றுவழிகளைக் கையாள்கிறார். அலுவலக மேசையில் கோப்புக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் இடையில் தாளின் ஒரு மூலை மட்டும் தெரியும்படி வைப்பது ஒன்று. “இந்தப் பென்சில் எழுதுதான்னு பாருங்களேன்” என்று நோட்டை நீட்டி, தேவையான பக்கத்திலேயே திறக்கச் செய்வது இன்னொன்று. பின்னட்டையில் குத்தப்பட்ட கிளிப்பின் பங்கை இங்கே குறைத்து மதிப்பிடக் கூடாது.

பார்ப்பவர்கள் பலதிறத்தர். “நீயேவா வரைஞ்ச?” என்று கேட்பவர் பாராட்டுகிறாரா ஐயுறுகிறாரா என்று தெளிய, கேட்கும்போது புருவம் போகும் திசையைக் காண வேண்டும். “டிரேஸ் பண்ணதா?” என்பவர் ஒளிவு மறைவற்றவர், அவருக்கு விடை, மேலே பிடித்துக் காட்டப்படும் வெறும் தாளின் பின்புறம். சிலர் மூன்று விநாடி பார்த்து, “நல்லா இருக்கு” என்பர். இன்னும் சிலர் நீண்ட நேரம் பார்த்து, “மூக்கு மட்டும்…” என்று நிறுத்திவிடுவர். அந்த முற்றுப்பெறாத தொடரை ஓவியர் நள்ளிரவு வரை பலவாறு முடித்துப் பார்ப்பார். “இந்த அக்கறையைப் படிப்புல காட்டியிருந்தா” என்பது அப்பாக்களின் மரபுத் தொடர். மகன் ஓய்வுபெற்ற பின்னும் வழக்கொழியவில்லை. “ஏன் சும்மா வீட்ல வெச்சிருக்கே, வித்தா காசு வருமே” என்று சொல்பவரிடம், “நீங்களே ஒண்ணு எடுத்துக்கோங்க” என்றால் எடுத்துக்கொள்வார். காசு மட்டும் வராது.

இவர்கள் எல்லோரினும் ஆற்றல் மிக்கவர், “என்னையும் ஒண்ணு வரைஞ்சு குடேன்” என்பவர். பள்ளி நாள்களில் இது உயிரியல் ரெக்கார்டு நோட்டாகத் தொடங்குகிறது. செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றத்தை ஒருவன் ஒழுங்காக வரைந்துவிட்டால், வகுப்பில் பாதிப் பேருக்கு அவனே சூலகமும் மகரந்தத் தண்டும் வரைந்து தர நேரும். மார்கழி வந்தால் தெருக் கோலம், ஆண்டு விழா வந்தால் கரும்பலகையில் நல்வரவு, யாருக்கோ கல்யாணம் என்றால் தெர்மாகோலில் மணமக்கள் பெயர். இப்பணிகளுக்குக் கூலியாகக் கிடைப்பது இன்னொரு தெர்மாகோல் அட்டை.

குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போடுவோரும் பெருகியுள்ளனர். சாமி படங்களுக்குக் கும்பிடும் கைகளே விடையாக வருகின்றன. அவை ஓவியருக்கா, ஓவியத்தில் உள்ளவருக்கா என்பது இன்றுவரை தீராத ஐயம்.

நோட்டை மூடிய பிறகு வரும் கேள்வி, “எப்படி உனக்கு இதெல்லாம் தோணுது?” என்பது. தூண்டுதல் பற்றிய கொள்கைகள் இங்கேதான் உருவாகின்றன. அதாவது, படம் முடிந்த பின்னர். உண்மையில் அன்று மின்சாரம் இல்லை, செல்பேசியில் சார்ஜ் இல்லை, கையில் பென்சில் இருந்தது. இதைச் சொன்னால் கேட்டவர் ஏமாறுவார். ஆகவே மழை, தனிமை, சிறுவயதில் பார்த்த ஒரு முகம் போன்றவை நினைவுக்கு அழைக்கப்படுகின்றன. இவ்வாறு பிறகு சேர்க்கப்படும் தூண்டுதலைப் பொய் என்று தள்ளுவது அவசரம். இரண்டாம் முறை சொல்லும்போது சொல்பவரே நம்பிவிடுவதால், மூன்றாம் முறையிலிருந்து அது மெய்யாகிறது.

பெரியவர்களின் தூண்டுதல்களும் அத்தனை உயரத்திலிருந்து இறங்கியவை அல்ல. கறை படிந்த சுவர்களை உற்றுப் பார்த்தால் மலைகளும் போர்க்களங்களும் தெரியும் என்று லியனார்டோ டாவின்சி ஓவியர்களுக்கு அறிவுரை எழுதி வைத்தார். ஐப்பசி மழைக்குப் பின் ஓதம் ஏறிய எந்தச் சென்னை வாடகை வீடும் இவ்வகையில் ஒரு கலைக்கூடமே. வீட்டுக்காரர் வெள்ளையடிக்காததை இக்கோணத்தில் யாரும் பாராட்டியதில்லை. ரவீந்திரநாத் தாகூர் கவிதைக் கையெழுத்துப் படிகளில் அடித்த சொற்களை இணைத்து இணைத்து உருவங்களாக்கினார். அறுபது வயதுக்கு மேல் ஓவியரானார். 1930இல் பாரிசில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடந்தது. தொலைபேசியில் பேசியபடி மின் கட்டண அட்டையின் மேல் கட்டங்களுக்கு நிழல் போடுவோருக்கும் ஆதரவு உண்டு. 2009இல் வெளியான, உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேடின் சோதனையில், சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றைக் கேட்டபடி வடிவங்களுக்குள் தீட்டியவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 விழுக்காடு கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். பங்கேற்றவர்கள் 40 பேரே. கூட்டங்களில் மேலாளரின் மூக்கை வரைவோர் இந்த முடிவைப் பையில் வைத்திருப்பது நல்லது.

கையொப்பம் பற்றிச் சில சொற்கள். பொழுதுபோக்கு ஓவியர் படத்தைவிடக் கையொப்பத்தில் முதலில் தேர்ச்சி அடைகிறார். வலது கீழ்மூலையில் சாய்வாக, அடியில் ஒரு கோடும் இரண்டு புள்ளிகளும் வைத்து, தேதியோடு இடப்படும் அது, சில நோட்டுகளில் படம் தொடங்கும் முன்பே இருக்கிறது.

எஞ்சியது படங்களின் முடிவு. பெரும்பாலானவை பரணில் ஏறுகின்றன. சில பயன்பாட்டுக்குத் திரும்புகின்றன: பின்பக்கம் வெறுமையாக இருந்தால் பால் கணக்கும் வண்ணான் கணக்கும் அங்கே எழுதப்படும். தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியங்களின் மேல் நாயக்கர் காலத்தவர் தீட்டியதையும், உள்ளே இருந்ததை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்ததையும் எண்ணி இவர்கள் ஆறுதல் கொள்ளலாம். மீதி நோட்டுகள் வீடு மாறும்போது பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகின்றன. தப்பிப் பிழைப்பவை லேமினேஷன் செய்யப்பட்டவை மட்டுமே. பிளாஸ்டிக் ஒட்டிய தாளைக் கூழாக்குவது கடினம் என்பதால் கடைக்காரர் அவற்றைத் தராசிலிருந்து எடுத்து, “இதை நீங்களே வெச்சுக்கோங்க சார்” என்று திருப்பித் தந்துவிடுகிறார். ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறை கடந்து நிற்கும் ஓவியங்களைத் தேர்ந்தெடுத்தவர் அவரே.