பாதத்துக்கு ஒரு ரோஜா

திருகோணமலையிலிருந்து மடுவுக்கு நடந்தே போவதென்று நேர்ந்தது நானில்லை, பெரியம்மா. முழங்கால் வலியும் அவவுக்குத்தான். ஆகவே நேர்த்தி அவவுடையது, நடை என்னுடையது. இந்தக் கைமாற்றத்துக்கு மாதாவிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.

ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில், 1852இல் எழுந்த புனித மரியாள் பேராலயத்தின் நீல முகப்பருகே ஒன்பது பேர் விடியப்புறம் கூடிப் புறப்பட்டோம். ஹொரவப்பொத்தானை, வவுனியா, செட்டிகுளம் என்று ஏறக்குறைய 150 கிலோமீற்றர். பஸ்ஸில் போனால் அரைத்தூக்கத்தில் முடிந்துவிடுகிற பாதை.

முதல் தரிப்பு கன்னியா. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கினான் என்று சொல்லும் ஏழு கிணறுகளும் வெந்நீர். ஓகஸ்ட் வெயிலில் அதைக் காலில் ஊற்றுவதற்கும் ஒரு விசுவாசம் வேண்டும். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு இரண்டு முறை வெறுங்காலோடு நடந்தவராம். ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும் நடை அது. என் இறப்பர் செருப்பைப் பார்த்தார். "மடுவுக்கோ தம்பி?" என்றார், கோடிப்புறம் போய் வருகிறவனைக் கேட்பதுபோல.

மூன்றாம் நாள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். அன்றிலிருந்து என் பக்தி கீழே இறங்கிவிட்டது. எந்தச் சுரூபத்தைக் கண்டாலும் முதலில் பாதத்தைத்தான் பார்த்தேன். ஊர் ஊராக நடந்து பிரசங்கம் செய்த அந்தோனியாருக்குக் குழந்தைப் பிள்ளையின் பாதம், ஒரு பித்தவெடிப்புக் கிடையாது. மிக்கேல் சம்மனசு பிசாசையே மிதித்தும் செருப்பு வார் அறவில்லை. திருஇருதயப் படக்காரன் கெட்டிக்காரன், இடுப்போடு நிறுத்திவிட்டான். எங்கள் பாலையூற்று லூர்து மாதாவின் பாதத்துக்கு ஒவ்வொரு மஞ்சள் ரோஜா. எனக்கும் பாதத்துக்கு ஒன்று பூத்திருந்தது, நிறம்தான் வேறு.

நானூறு வருசத்துக்கு முன் காரவாஜ்ஜோ என்ற இத்தாலியர் மட்டும் ஏமாற்றவில்லை. உரோமில் சாந்த் அகுஸ்தீனோ கோயிலில் இருக்கிறது அவர் வரைந்த படம். வாசற்படியில் குழந்தையோடு மாதா, முன்னால் முழந்தாளிட்ட யாத்திரிகர் இருவர். அந்த ஆணின் ஊத்தை உள்ளங்கால் பார்க்கிறவர் முகத்துக்கு நேரே நிற்கும். அந்தக் காலத்தில் சனம் அதைப் பற்றி ஒரே ஆரவாரமாம். இரவு தங்கிய இடத்தில் கைத்தொலைபேசியில் அதைக் கூட வந்த அக்காவுக்குக் காட்டினேன். கலை பற்றி ஏதாவது சொல்லுவா என்று பார்த்தேன். "பாவம், கொஞ்சம் சித்தாலேப பூசியிருக்கலாம்" என்றா. இதைவிட நல்ல விமர்சனம் நான் வாசித்ததில்லை.

மடுவில் பீடத்தை நெருங்கவே நெடுநேரம் பிடித்தது. அந்தச் சுரூபமும் நடந்து வந்ததுதான். 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து இருபது குடும்பத்தார் அதைக் காட்டுக்குள் தூக்கி வந்தார்கள். 2008 ஏப்ரலில் போரின் செல்வீச்சுக்குப் பயந்து மறுபடி தேவன்பிட்டிக்குப் போய்த் திரும்பியது. இவ்வளவு அலைந்தவளின் பாதத்தையாவது பார்ப்போம் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். அங்கி அடிவரை மூடியிருந்தது. பின்னாலிருந்த அம்மா ஒருவர் "தம்பி, முகத்தைப் பாருங்கோ" என்று முதுகில் தட்டினா.

பஸ்ஸில்தான் திரும்பினேன். பெரியம்மா கதவைத் திறந்துகொண்டு வாசலில் நின்றா. பாம்புக்கடிக்கு மருந்தென்று சனம் எடுத்துப்போகும் மடு மண்ணைப் பொட்டலமாகக் கொடுத்தேன். வாங்கி முழங்காலில் தேய்த்தா. பிறகு என் காலைப் பார்த்தா.

"உந்தக் காலோட உள்ள வராத. கிணத்தடியில கழுவிப்போட்டு வா."