விட்டத்துக் கதிர்

ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவிலுள்ள எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் மக்காச்சோளம் விற்பனைப் பயிராக இருந்ததில்லை. வேர்க்கடலையும் கேழ்வரகும் போக, கிணற்றை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தில் மாட்டுக்கும் கோழிக்கும் என்று போடுவார்கள். மண்டிக்கு ஏற்ற வேண்டிய அவசரம் கிடையாது. கதிராக வீட்டுக்கு வரும், கதிராகவே மாதக்கணக்கில் இருக்கும், வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் மணியாகும். இல்லாத வீட்டு வழக்கம் என்று பிறகு அதற்குப் பேர் வந்தது. என்னைக் கேட்டால், கால்நடையை நம்பிய குடும்பத்துக்கு அதைவிடக் கெட்டிக்கார வழக்கம் வேறு இல்லை.

அறுவடைக்கு நாள் குறிப்பது என் பாட்டி, ஆயாதான். வயலில் ஒரு கதிரை உரித்து, நடுவிலிருந்து ஒரு மணியைப் பெயர்த்து, அதன் அடிநுனியைக் கிள்ளிப் பார்ப்பாள். தண்டோடு ஒட்டியிருந்த அந்த இடத்தில் கறுப்புப் பொட்டு விழுந்திருந்தால் கதிர் முற்றிவிட்டது. அதற்குமேல் செடியிலிருந்து மணிக்குச் சத்து ஏறாது. வேளாண் கல்லூரிகளில் மக்காச்சோள முதிர்ச்சிக்குச் சொல்லித் தரும் அடையாளமும் இதுதான். ஆனால் முற்றிய மணியிலும் நூற்றுக்குச் சுமார் முப்பது பங்கு ஈரம் இருக்கும். கெடாமல் வைக்க வேண்டுமானால் அது 12 முதல் 14 சதவீதத்துக்குள் இறங்க வேண்டும். ஈரத்தோடு மணியை உதிர்த்துக் குவித்தால் குவியலின் நடுவில் சூடு கண்டு பூசணம் பிடிக்கும். கதிராக இருந்தால் கதிருக்கும் கதிருக்கும் நடுவே காற்று போகும். மணிகளும் தண்டிலேயே மெல்லக் காயும்.

களத்தில் காய்ந்த கதிர்களை ஆயா இரண்டாகப் பிரிப்பாள். மட்டை நுனிவரை இறுக மூடியவை ஒரு பக்கம், நுனியில் மணி தெரிபவை மறுபக்கம். மணி தெரிந்த கதிரில் கூன்வண்டும் அந்துப்பூச்சியும் சுலபமாக நுழையும் என்பதால் அவை முதலில் செலவாகும். மூடிய கதிர்களின் மட்டையைப் பின்னுக்கு மடித்துப் பின்னி, ஜோடி ஜோடியாக அடுப்புக்கு மேலே விட்டத்தில் மாட்டுவார்கள். மூன்று வேளையும் விறகுப் புகை ஏறும். மட்டை பழுப்பாகும், மணிமேல் மங்கல் படியும், வண்டு அண்டாது. விட்டத்தில் இடம் போதாதவை தொம்பைக்குப் போகும். மூங்கிலால் பின்னி, மண்ணும் சாணமும் பூசி, கல்மேல் தூக்கி வைத்த கூடு அது. அடியில் நொச்சியும் வேப்பிலையும் பரப்பியிருக்கும்.

சாயங்காலம் பால் கறந்து முடித்ததும் திண்ணையில் முறம் வந்துவிடும். கதிரின் அடிப்பக்கத்தில் ஆணி நுனியால் ஒரு வரிசையை மட்டும் நெம்பி எடுக்க வேண்டும். "ஒரு வரியப் பேத்துட்டா மிச்சமெல்லாம் தானா வந்துடும், கண்ணு" என்பாள் ஆயா. பிறகு கட்டைவிரல் அடியால் பக்கத்து வரிசையை அந்தக் காலி இடத்தின் பக்கம் சாய்த்துத் தள்ளினால் மணிகள் சடசடவென்று முறத்தில் விழும். கை வலித்தால் உதிர்த்த தண்டை எடுத்து அடுத்த கதிரின்மேல் வைத்துத் தேய்ப்போம். எண்ணிப் பார்த்தால் ஒரு கதிரில் மணி வரிசை பதினாலோ பதினாறோ இருக்கும்; ஒற்றைப்படையில் வராது. பூ உருவாகும்போதே வரிசைகள் ஜோடியாகப் பிரிவதால் அப்படி. விதைக்கு நல்ல கதிராகப் பார்த்து, நுனியையும் அடியையும் விட்டு நடுமணிகளை மட்டும் எடுத்து வைப்பாள். சிதறிய மணி கோழிக்கு, மட்டை எருமைக்கு, தண்டு அடுப்புக்கு. கறவை மாட்டுக்கு உடைத்த மணியோடு தவிடும் கடலைப் புண்ணாக்கும் சேரும். வெளியிலிருந்து வாங்கியது உப்புக்கல் மட்டும்.

அந்த மாடு செத்தால் தோல் ஆம்பூருக்குப் போகும். தோல் மண்டி பாய் வீட்டு வாசலுக்கே வருவார். "வாங்க பாய், உட்காருங்க" என்று தாத்தா மோர் கொடுக்கச் சொல்வார். மரியாதைக்குக் குறைவிருக்காது. ஆனால் செத்த மாட்டை உரிக்கும் வேலையை ஊர் ஒரே தெருவின் தலையில் கட்டியிருந்தது. அந்தத் தெருக்காரர்களுக்கு எங்கள் திண்ணையில் இடம் கிடையாது. பழைய நாளைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவி அடுக்குவார்கள். பதனிடும் இடத்தில் முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவி எடுப்பது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்திலும் இது உண்டு. 1970-களில் அரைப்பதம் செய்த தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவித்தபின் குரோமியம் கொண்டு பதனிடும் முறை பெருகியது, தண்ணீர்ச் செலவும் பெருகியது. ஒரு கிலோ தோலுக்கு சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்று உச்ச நீதிமன்றமே குறித்திருக்கிறது. கழுவிய உப்பு பாலாற்றுக்கும், அங்கிருந்து கிணறுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டு வழக்கு அதற்குப் பிறகும் நடந்துகொண்டே இருந்தது. 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

மாட்டின் தோலைக் காத்த உப்பு, மாட்டுக்குத் தீனி விளைந்த நிலத்தைக் கெடுத்தது. இதை ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். உப்பை அதிகம் தாங்காத பயிர்களில் மக்காச்சோளம் ஒன்று. மண்ணின் உப்பு அளவு மீட்டருக்கு 1.7 டெசிசீமன்ஸைத் தாண்டியதுமே அதன் விளைச்சல் இறங்கத் தொடங்கும். நாட்டுச் சோளமோ 6.8 வரை தாங்கும். எங்கள் கிணற்றடித் துண்டில் செடியின் இலை ஓரம் கருகியது, கதிர் கட்டைவிரல் நீளத்தில் நின்றது. அந்தத் துண்டில் பிறகு தென்னைதான் வைத்தார்கள்.

ஆற்றிலிருந்து தள்ளி மேட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் மக்காச்சோளம் விளைகிறது. ஆனால் கதிர் வீட்டுக்கு வருவதில்லை. டிராக்டரில் பூட்டிய இயந்திரம் வயலிலேயே உதிர்த்து மூட்டை கட்டிவிடுகிறது. அன்றைக்கே வியாபாரி ஏற்றிக்கொள்கிறார். ஆதரவு விலை 2025-26-இல் குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். ஈரம் அதிகம் என்று வியாபாரி பிடித்தம் செய்தால் அதுவும் கைக்கு வராது. நாமக்கல் கோழிப் பண்ணைகளும் எரிசாராய ஆலைகளும் கேட்கிற தானியம் இது. நம் ஊர் மணி லாரி ஏறிப் போகிறது. நம் மாட்டுக்கான தீவனம் வேறொரு லாரியில் மூட்டையாக வருகிறது. இரண்டு லாரி வாடகையும் பால்காரரின் கணக்கில்தான் விழுகிறது.

திண்ணையில் உட்கார ஆளும் இல்லை. காலையில் காலணித் தொழிற்சாலைப் பேருந்து வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அதில் எனக்கு வருத்தம் கொஞ்சமும் இல்லை. தன் பேரில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் பெண்ணைத் திரும்பி வந்து கட்டைவிரல் தேய உதிர்க்கச் சொல்வது அநியாயம்.

எனக்கு அச்சம் தருவது பூசணம். ஈரக் கதிரை இயந்திரத்தில் விட்டால் மணி உடைகிறது. உடைந்த மணியில் பூசணம் சீக்கிரம் ஏறுகிறது. அதிலிருந்து உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு மாட்டின் வயிற்றுக்குப் போய், உருமாறி, பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. பாலில் அது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. ஒரு மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த தீவன மூட்டையைப் பிரித்ததும் புளித்த வாடை அடித்தது. கட்டியாக இருந்ததை உடைத்தால் உள்ளே பச்சை படிந்திருந்தது. விற்ற கடையில் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். ஆயா காலத்தில் கெட்ட கதிர் கையில் எடுத்ததுமே தெரியும். அந்த ஒன்றைத் தூக்கி எறிந்தால் போதும். அரைத்து மூட்டையில் வரும் மாவில் கெட்டது எது, நல்லது எது என்று யார் கண்டது?

இரண்டு மாடும் நாலு கோழியும் வைத்திருக்கும் குடும்பங்கள் விளைச்சலில் ஒரு பங்கையாவது கதிராக வீட்டில் நிறுத்த வேண்டும். விறகடுப்பு இல்லாவிட்டாலும் காற்றோட்டமான கொட்டகையில் கம்பி வலைக் கூண்டு செய்து, தரையிலிருந்து தூக்கி வைத்து, மேலே கூரை போட்டால் போதும். எலி ஏறாமலிருக்க காலில் தகரம் சுற்றுங்கள். உதிர்ப்பதற்கு போபால் மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் வடிவமைத்த எண்கோணக் குழாய்க் கருவி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும், உள்ளே விளிம்புகள் இருக்கும், கதிரை நுழைத்துத் திருகினால் மணி முழுதாகக் கொட்டும், மின்சாரம் வேண்டாம், விரலும் தேயாது. ஆண்பிள்ளைகளும் உட்கார்ந்து திருகலாம்.

இன்னொன்று விதை. வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த மணியை மறுபடி விதைத்தால் அதே விளைச்சல் வராது, ஆண்டுதோறும் வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கும்போது எத்தனை குவிண்டால் விளையும் என்பதோடு நிறுத்தாதீர்கள். மட்டை கதிரின் நுனிவரை மூடுகிற ரகமா என்றும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். கதிராக வைப்பதற்கு அந்த ரகம்தான் வேண்டும்.